இடமுறுக்கு

பின்கதவின் கொண்டி சத்தமில்லாமல் விலகிய சத்தத்தைக் காவேரியம்மாள் கேட்டுவிட்டாள்.

போகி விடியல். மார்கழியின் கடைசிப் பனி ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரது?"

"நான்தான் அத்தை... சுகுணா."

"வெடிஞ்சும் வெடியாம எங்க கெளம்பிட்ட?"

"காப்புக்குத் தழை ஒடிக்கத்தான். கரட்டுக்குப் போயிட்டு வெரசா வந்துடறேன்."

"இரு, நானும் வர்றேன். வருசா வருசம் ரெண்டு பேருந்தான போவோம்?"

"பனி கொட்டுது அத்தை... உங்களுக்கு முட்டி வலி வேற. நீங்க படுங்க. நான் ஒண்டியாவே போயிட்டு வர்றேன்."

பதிலுக்குக் காத்திராமல் மூத்த மருமகள் போய்விட்டாள். காவேரி இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருடங்களில் சுகுணா தனியாக அந்தக் கரட்டுக் குன்றில் ஏறியதில்லை. ஒருத்தி வேப்பங்கொழுந்து ஒடிக்க, ஒருத்தி ஆவாரம்பூ பறிக்க, ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். இன்றைக்கு மாமியார் கூட வரக்கூடாதாம்!

தை பிறப்பதற்கு முதல் நாள் வீட்டு நிலைக்கு மேலே காப்புச் செருகுவது அந்தப் பக்கத்து வழக்கம். வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, வெள்ளை வெளேரென்ற பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் கட்டிய கொத்து. வாசலுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று. அதைத் தாண்டிக் கெட்டது எதுவும் படியேறாது என்று நம்பிக்கை. இண்டூர்ச் சந்தையில் இப்போதெல்லாம் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். ஆனால் காவேரியின் வீட்டில் விலைக்கு வாங்குவதில்லை. தானாக முளைத்ததைத்தான் ஒடிக்க வேண்டும். கட்டுகிற கற்றாழை நாரையும் கையால்தான் திரிக்க வேண்டும். அதை மூத்த மருமகள்தான் செய்ய வேண்டும்.

அந்த மூத்த மருமகள் மீதுதான் இப்போது காவேரிக்குச் சந்தேகம்.

கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஆரம்பித்தது அது. முதலில் களி நின்றது. ராத்திரிக்குக் களி இல்லாமல் காவேரிக்குத் தொண்டையில் இறங்காது என்று தெரிந்தும், "அரிசி ஆக்கிட்டேன் அத்தை" என்று தினமும் ஒரே பதில். பிறகு மாட்டில் பால் கறப்பதைக் கொழுந்தன் குரு தலையில் கட்டினாள். மார்கழி பிறந்தது. புள்ளி வைத்து வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவள், தகர அச்சு ஒன்றை வாங்கி வந்து மாவைத் தட்டிவிட்டுப் போனாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். குளிர் என்று சொல்லி, லாரியில் பாதி நாள் வெளியூரிலேயே இருக்கும் புருஷன் வீரமணியின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். உச்சி வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து மாமியாரிடம் நீட்டினாள்... இடது கையால்! காவேரி அதைத் தொடவில்லை. அடுப்படியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

சந்தேகத்துக்கு யாரும் சோறு போட்டு வளர்க்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அதுவே மேய்ந்து கொழுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது. சின்ன மருமகள் கனிமொழிக்கு இப்போது ஏழாம் மாதம். போன வருடம் நான்காம் மாதத்திலேயே கலைந்து போனது. இந்தத் தடவை அப்படி ஆகிவிடக் கூடாதே என்று காவேரி கும்பிடாத சாமியில்லை. சுகுணாவுக்கு ஒரே மகள். சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. இப்போது சின்னவள் வயிறு நிறைந்து நிற்பதைப் பார்த்து அவள் மனசில் என்ன ஓடுகிறதோ... யார் கண்டது?

எட்டு மணி பஸ்ஸுக்குக் குருவும் கனிமொழியும் கிளம்பினார்கள். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கு அவளுக்குச் செக்கப். காவேரி சின்னவள் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"அக்கா இன்னும் வரலீங்களா அத்தை?"

"எதுக்கோசரம் கேக்கற?"

"இல்ல... சும்மாதான்..." கனிமொழியின் கண் தரைக்குப் போய்விட்டது.

இவளும் பயப்படுகிறாள், பார்! சின்னப் பெண், வாய் திறந்து சொல்லவும் முடியாமல் தவிக்கிறாளே...

அவர்கள் போனதும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சசிகலா எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"ஏன் பெரிம்மா, நோம்பி நாளும் அதுவுமா இன்னிக்கும் அதே தாமரையா? முப்பது நாளா ஒரே அச்சு! உங்க வூட்டு வாசலப் பாத்தா தாலுக்கா ஆபீஸ்ல முத்திரை குத்துன மாதிரி இருக்குது."

"அவளுக்கு என்னமோ... கோலத்துல மனசு போவல."

"மனசு வேற எங்கியாச்சும் போவுதோ என்னமோ. நான் சொல்றன்னு தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்குக் கொழாயடியில பாத்தேன், கொடத்த எடத்தாங்கையில புடிக்குது, எடத்தாங்கையிலயே குடுக்குது. எங்கம்மா ஊருல ஒருத்தி இப்படித்தான், எல்லாமே எடப்பக்கம். கடைசில பாத்தா மந்திரக்காரன்கிட்ட போயிட்டு வந்திருக்கா!"

"ச்சீ! வாயக் கழுவு. எம் மருமவ அப்படியாப்பட்டவ இல்ல."

"நானும் அதைத்தான் சொல்றேன். இருக்கக் கூடாதுல்ல?"

சொல்லிவிட்டுச் சசிகலா பழைய பாயைக் கொளுத்தப் போய்விட்டாள். சொன்னது மட்டும் காவேரியோடு தங்கிவிட்டது.

ஒன்பது மணிக்குச் சுகுணா வந்தாள். பழைய வேட்டியில் மூட்டையாகத் தழை, தலைமேல். இறக்கிவிடக் காவேரி கை நீட்டினாள். சுகுணா விலகித் தலையைச் சாய்த்து மூட்டையைத் தரையில் நழுவவிட்டாள். பூளைப்பூ சிதறியது. காவேரி குனிந்து ஒரு தண்டை எடுத்துப் பார்த்தாள். வெட்டின மாதிரி இல்லை. நார்நாராகப் பிய்ந்து ஈரமாயிருந்தது.

"சூரிக்கத்தி எடுத்துட்டுப் போவலியா?"

"மறந்துட்டேன் அத்தை."

"எதத்தான் நீ இப்ப ஞாபகம் வெச்சிருக்க?"

சுகுணா மூட்டையை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். எப்போதும் நடுவாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தொடையில் நார் திரிப்பவள்!

காவேரியால் இருக்க முடியவில்லை. தண்ணீர் காட்டுகிறவள் போலக் கொட்டகைக்குள் போய்த் தட்டியின் இடுக்கில் பார்த்தாள். சுகுணாவின் முதுகுதான் தெரிந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தோள் குலுங்கியது. தாடை... தாடை அசைந்துகொண்டிருந்தது!

யாருமில்லாத இடத்தில் வாய் அசைந்தால் அதற்கு என்ன பெயர்? காவேரி சத்தம் போடாமல் திரும்பி வந்து சாமி அறை வாசலில் உட்கார்ந்தாள்.

பதினோரு மணி வாக்கில் மூன்று கொத்துகளையும் தட்டில் வைத்துச் சுகுணா கொண்டுவந்தாள். முகம் வேர்த்திருந்தது. தட்டு இடது கையில். வலது கை சட்டைக்குள்.

"அத்தை... சாமிகிட்ட வெச்சுக் குடுத்தீங்கன்னா..."

காவேரி வாசல் காப்பைக் கையில் எடுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாய், பனி உலராமல். கட்டியிருந்த நாரின் மீது கட்டைவிரலை ஓட்டினாள். ஓட்டிய விரல் நின்றுவிட்டது.

அவள் புருஷன் ஆண்டி உயிரோடிருந்தபோது கயிறு திரிப்பதில் கெட்டிக்காரர். 'நல்லதுக்கு வலமுறுக்கு, சாவுக்கு இடமுறுக்கு. தெரியாமக்கூட மாத்தித் திரிக்கக் கூடாது' என்பார். நான்கு வருடத்துக்கு முன்னால் அதே வாசலில் ஆண்கள் உட்கார்ந்து அவருடைய பாடைக்குக் கயிறு திரித்தார்கள். அந்த முறுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று காவேரிக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

இதுவும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"சுகுணா... இது என்ன முறுக்கு?"

சுகுணா நாரைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தம் வற்றியது. காவேரிக்கு அது போதுமானதாக இருந்தது.

"அத்தை... நான் பாக்கல அத்தை... வேணுமின்னு..."

"பத்தொன்பது வருசமா திரிக்கிறவளுக்கு வலது தெரியாது, இடது தெரியாது? எந்தூட்டு வாசல்ல பாடைக் கயித்தைத் தொங்கவுடப் பாத்த நீ? உள்ள ஒரு உசுரு வயித்துல இருக்குது, தெரியுமில்ல? ஒண்ணு போனது பத்தாதா உனக்கு?"

"ஐயோ அத்தை! அப்படிச் சொல்லாதீங்க... கனிமொழி எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி..."

"அப்ப காட்டு! அந்தச் சட்டைக்குள்ள என்னத்த கட்டி வெச்சிருக்க? தாயத்தா? காட்டுடி!"

காவேரி எட்டி அந்தச் சட்டைக் கையைப் பிடிக்கப் போனாள். சுகுணா பதறிப் பின்னால் நகர்ந்தாள். வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எதையோ சொல்ல வாய் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"சொல்ல வாயில்ல பாத்தியா! நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னா எதுக்கு மறைக்கணும்? இத்தன நாளா உன்னைய மவளாட்டம் வெச்சிருந்தனே... எம் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்!"

மூன்று கொத்துகளையும் பிய்த்து எரு மேட்டில் எறிந்தாள் காவேரி. ஆவாரம்பூ சாணத்தின் மேல் சிதறியது.

"நீ இந்த வாசல்ல காப்புக் கட்ட வேணாம். இந்த வூட்டுலயும் இருக்க வேணாம். தோட்டத்துக் கொட்டாய்க்குப் போயிடு. இல்ல, அரூர்ல உங்கண்ணன் வூட்டுக்குப் போ. வீரமணி லோடு எறக்கிட்டு ராத்திரி வரட்டும், நான் சொல்லிக்கறேன். இனிமே சோறு வேற வேற, ரெண்டு ஒலைதான்!"

சுகுணா அழுதாள். ஆனால் சத்தமாக அழவில்லை. எரு மேட்டிலிருந்த பூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"போறேன் அத்தை. சோறு வடிச்சு வெச்சிருக்கேன். கனிமொழி வந்தா சூடா ரசம் குடுங்க. அவ கொடத்தத் தூக்காம பாத்துக்குங்க... அது போதும்."

"அவளைப் பத்தி நீ பேசாத!"

வாசலில் காப்பு இல்லாமல் தை பிறக்கக் கூடாது. முட்டி வலியைப் பார்க்காமல் காவேரி சூரிக்கத்தியும் ஒரு கை நாரும் எடுத்துக்கொண்டு தானே கரட்டுக்கு ஏறினாள். ஒவ்வோர் அடிக்கும் முருகனைக் கூப்பிட்டாள். கோபமாகக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்பதில்லையோ என்னவோ, அன்றைக்குப் பாதை நீண்டுகொண்டே போனது.

முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் தர்மன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். வேப்ப நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா காவேரிக்கா. காலையில மருமவ, இப்ப மாமியா. ஒரு வூட்டுக்கு எத்தன காப்பு கட்டறீங்க? காத்து கருப்புக்கு உங்க வூட்டு மேல அம்புட்டு ஆசையா?"

"உம் பேச்ச அப்பறம் வெச்சுக்க, தர்மா. இங்க பூளை எங்க இருக்குது?"

"உம் மருமவ வுட்டு வெச்சிருந்தாத்தான? ஆமா, நான் கேக்கணும்னே இருந்தேன். அந்தப் புள்ளைக்கு ஒரு கத்தி கூடக் குடுத்து அனுப்ப மாட்டியா? பல்லால கடிச்சுக் கடிச்சு ஒடிச்சுது. எம் ஆடெல்லாம் நின்னு வேடிக்க பாத்துச்சு. 'நம்ம சாதி சனம் யாரு புதுசா வந்திருக்காங்க'ன்னு!"

காவேரி சிரிக்கவில்லை.

"பல்லாலயா? எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஒரு கையி அசைவே இல்ல. சோத்தாங்கைய மடியில போட்டுக்கிட்டு, எடத்தாங்கையில கெளைய வளைச்சு வாயால கடிக்குது. 'குடும்மா, நான் வெட்டித் தர்றேன்'ன்னா, 'வேணாங்கண்ணா, காப்புக்கு வூட்டு மருமவதான் ஒடிக்கணும்'ங்குது. எறங்கறப்ப கண்ணுல தண்ணி. 'நீங்க பாத்தத யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா'ன்னுச்சு. ஐயையோ... நான் இப்ப சொல்லிட்டனே!"

காவேரி அப்படியே பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த நாரைப் பார்த்தாள். அதிலிருந்து இரண்டு இழை பிரித்தாள். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வலது கையை மடியில் போட்டாள். இடது தொடையில் நாரை வைத்து, இடது உள்ளங்கையால் உருட்டினாள்.

பழகாத கை. நார் வழுக்கியது. மறுபடி உருட்டினாள். மெல்ல மெல்ல முறுக்கு ஏறியது. அது இடப்பக்கம் சாய்ந்து ஏறியது! எத்தனை தடவை உருட்டினாலும் அப்படித்தான் ஏறியது. அவள் தாடை அசைந்துகொண்டிருந்தது. கொட்டகைத் தட்டியின் இடுக்கில் பார்த்த அதே அசைவு.

"என்னக்கா? எதுக்கு அழுவற?"

களி கிண்ட முடியாத கை. பால் கறக்க முடியாத கை. மாவை விரலிடுக்கில் பிடித்துப் புள்ளி வைக்க முடியாத கை. எல்லார் முன்னாலும் இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த பெண். ஒரே வீட்டில் ஒன்றரை மாதம்! ஒரு தடவையாவது "உன் கைக்கு என்னம்மா?" என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு நொடி ஆகுமா? சந்தேகப்படத்தான் நேரம் இருந்தது.

"முருகா... நான் என்ன பாவம் பண்ணிட்டேன்!"

தர்மன் என்ன ஏது என்று புரியாமலே எழுந்து போய், பாறைக்குப் பின்னாலிருந்த பூளையை ஒரு மடி நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் முந்தானையில் போட்டார். "ஏறுனவ வெறுங்கையோட எறங்காத. மெதுவாப் போ" என்றார்.

அவள் மெதுவாகப் போகவில்லை. வீட்டில் யாருமில்லை. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அடுப்பில் ரசம் மூடி வைத்திருந்தது. வெளியே சசிகலா நின்றிருந்தாள்.

"பெரிம்மா, சுகுணாக்கா துணிப்பையோட பஸ் ஸ்டாப்புக்குப் போச்சு. போவட்டும் வுடுங்க, நல்லதுதான்..."

"ஏ சசிகலா! உனக்கும் எனக்கும் இன்னிக்கு நாக்கு அழுகணும்டி. வழிய வுடு!"

அந்த ஊர்தான் பஸ்ஸுக்குக் கடைசி. தர்மபுரியிலிருந்து வந்தது புளியமரத்தைச் சுற்றித் திரும்பி நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். கூட்டத்தோடு குருவும் இறங்கி, கனிமொழிக்குக் கை கொடுத்து இறக்கினான். அவள் முகம் பூரித்திருந்தது. மரத்தடியில் பையோடு நின்றவளைப் பார்த்ததும் அது மாறிவிட்டது.

"அக்கா! எங்கக்கா கெளம்பிட்டீங்க? பையெல்லாம் எதுக்கு?"

"அண்ணன் வூட்டு வரைக்கும் கனி. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"புள்ள நல்லாருக்குதாம். அத வுடுங்க... நோம்பிக்கு யாராச்சும் வூட்டைவுட்டுப் போவாங்களா? ஏன் அழுதிருக்கீங்க?"

அதற்குள் காவேரி வந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. தலைமுடி அவிழ்ந்திருந்தது. முந்தானை நிறையப் பூளைப்பூ. நேராகச் சுகுணாவிடம் வந்தாள். அந்தச் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினாள். இந்தத் தடவை சுகுணா விலகவில்லை. விலகச் சக்தியில்லை.

மணிக்கட்டு கோணலாய் வீங்கிக் கறுத்துக் கிடந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின.

"ஐயோ... என் தாயி... இது எப்படிம்மா ஆச்சு?"

"வழுக்கி வுழுந்துட்டேன் அத்தை. ஒண்ணுமில்ல."

"இல்ல அத்தை!" கனிமொழி கத்திவிட்டாள். மாமியார் முன்னால் குரல் உயர்த்திப் பேசியறியாதவள். "வழுக்குனது நானு! தீபத்தன்னிக்குத் தண்ணித் தொட்டிகிட்ட வெளக்கு வெக்கப் போனேன். பாசியில காலு வழுக்கிடுச்சு. அக்கா தாவி வந்து அடியில வுழுந்தாங்க. நான் அவங்க மேல வுழுந்தேன். கல்லுக்கும் எனக்கும் நடுவுல அவங்க கை... எனக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லத்தை!"

"கனி, வேணாம்..." என்றாள் சுகுணா.

"நான்தான் அத்தைகிட்ட சொல்லாதீங்கன்னு அழுதேன். அவங்க கைய எடுத்து என் வயித்து மேல வெச்சு சத்தியம் வாங்குனேன். கை சரியாவலன்னு எனக்குத் தெரியும்... பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். எனக்கு உங்களக் கண்டா அவ்ளோ பயம்!"

"என்னைக் கண்டா? ஏம்மா?"

கனிமொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "போன வருசம் அது போனப்ப... சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்கல்ல... 'வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவளுக்குச் சாமி எதுக்குக் குடுக்கும்'னு..."

டீக்கடைக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். காவேரிக்கு அந்த வார்த்தை ஞாபகமே இல்லை. சொன்னவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாங்கினவர்கள் அதை வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டியிருக்கிறது. காலையில் இந்தப் பெண் கண்ணைத் தாழ்த்தியது யாருக்குப் பயந்து என்று இப்போது தெரிந்தது.

"சத்தியம் பண்ணது சரி... கைய ஒரு டாக்டர்கிட்டக் காட்டறதுக்கு என்ன சுகுணா?" காவேரி தேம்பிக்கொண்டு கேட்டாள்.

"காட்டுனா மாவுக்கட்டுப் போட்டு ரெண்டு மாசம் வேல செய்யாதன்னுடுவாங்க அத்தை. உங்களுக்கு முட்டி முடியல. அப்பறம் கொடமும் கொட்டகையும் இவ தலையிலதான் வரும். இவ குனிஞ்சு நிமிரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்கல்ல... புள்ள பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு..."

காவேரி நடுரோடு என்றும் பார்க்காமல் மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான் உன்னையப் போன்னு சொன்னேனே! எம் பேரப்புள்ளையத் தாங்குன கையி இது... இதுல தாயத்து இருக்குன்னு சொன்னேனே பாவி! என்னைய மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா... இல்லன்னா ரெண்டு அடி அடிச்சுடு!"

"அத்தை... ஐயோ, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும்! நான் பேசுனதச் சாமி பாத்துச்சு. நான் அழுவறத ஊரு பாக்கட்டும்!"

சுகுணா மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு காதோடு சொன்னாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அத்தை. கனியை இதுக்காக ஒரு வார்த்த கேக்கக் கூடாது. என்னிக்கும்."

காவேரி நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். ஒன்றல்ல, பத்து வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. 'முன்னாலயே சொல்லியிருந்தா...' என்று தொடங்கும் வார்த்தைகள். அத்தனையையும் விழுங்கினாள். வாழ்நாளில் அவள் விழுங்கிய மிகக் கசப்பான மருந்து அதுவாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்கிவிட்டாள். கனிமொழியின் தலையில் கை வைத்தாள்.

"வெயில்ல நிக்காதம்மா. வூட்டுக்குப் போ. அக்கா ரசம் வெச்சிருக்கா, சூடு பண்ணிக் குடி."

"ஏம்மா, ஏறப்போறது யாரு? வண்டிய எடுக்கணும்!" கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி கூப்பிட்டார். "அழுவறதெல்லாம் அடுத்த ட்ரிப்புக்கு வெச்சுக்குங்க. எனக்கும் நோம்பிதான்!"

"ரெண்டு பேருப்பா! பெரியாஸ்பத்திரிக்கு!" என்றாள் காவேரி.

"அம்மா, இன்னிக்கா?" குரு தயங்கினான். "பொழுது எறங்கறதுக்குள்ள வாசலுக்குக் காப்புக் கட்ட வேணாமா? அண்ணி இல்லாம யாரு கட்டறது?"

"கட்டாமயே இருக்கட்டும்டா. அண்ணனுக்கு போன் போட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு."

அவள் சுகுணாவின் பையைத் தான் வாங்கிக்கொண்டு, அவள் முதுகில் கை கொடுத்துப் படியேற்றினாள்.

பஸ் புறப்பட்டது. கரடுமுரடான ரோடு. ஒவ்வொரு குழிக்கும் சுகுணா பல்லைக் கடித்துக் கண்ணை மூடினாள். காவேரி இரண்டு குலுக்கல் பொறுத்தாள். மூன்றாவதில், கட்டியிருந்த புடவையின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாக ஒரு கிழி கிழித்தாள். மடியிலிருந்த பூளைப்பூவைக் கொத்துக் கொத்தாய் எடுத்து, பஞ்சு மாதிரி மெத்தென்று அந்த மணிக்கட்டைச் சுற்றி அடுக்கினாள். மேலே துணியைச் சுற்றத் தொடங்கினாள்.

"என்ன அத்தை பண்றீங்க? அது காப்புக்கு ஒடிச்சது..."

காவேரி நிமிரவில்லை. வலிக்காமல், நழுவாமல், கடைசி முடிச்சைப் போட்டாள். கண்ணீர் அந்த வெள்ளைப் பூவின் மேல் சொட்டியது.

"ஆமாம்மா," என்றாள். "காப்புக்குத்தான்."